கிளிப்பக்காவின் காலர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்லப்போகும் விஷயத்துக்கு அது தேவைப்படுவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடமாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். கடிக்க வரும் நாயிடம்கூட எனக்குப் பொறுமை உண்டு. மெதுவாக வேலை பார்க்கும் மனிதர்களிடம் கிடையாது.

அந்தக் கணக்கில் என் பொறுமையை அதிகம் சோதித்தவள் கிளிப்பக்கா. சட்டைப் பையில் தொங்கும் அட்டையில் அவளுடைய பெயர் அழகாக அச்சடித்திருக்கிறது. ஆனால் வருகிறவர், போகிறவர், மருந்து கொண்டுவருகிறவர் எல்லோருக்கும் அவள் கிளிப்பக்காதான். எனக்கு வெறும் ‘கிளிப்பு’. காரணம், அவள் வீட்டுக் கொடியிலிருந்து எடுத்துவந்த ஒரு நீல பிளாஸ்டிக் துணிக் கிளிப்.

எங்கள் ஆபரேஷன் அறையில், மயக்க மருந்து கொடுக்கும் கேஸ் மெஷினில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு வால்வு இருக்கிறது. மிச்சமாகும் காற்று அது வழியாகத்தான் வெளியேறும். மெஷினில் எங்காவது கசிகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னால் அந்த வால்வை மூடிக் காற்றை நிரப்பி, அழுத்தம் காட்டும் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததும் திறந்துவிட வேண்டும். திறக்க மறந்து நாயை இணைத்துவிட்டால் உள்ளே போகும் காற்றுக்கு வெளியே வர வழி கிடையாது. முதலில் மெஷினில் தொங்கும் ரப்பர் பை உப்பும், பிறகு நெஞ்சு உப்பும், அப்புறம் இதயம் நின்றுவிடும். மூன்று, நான்கு நிமிடம் போதும்.

மெஷின் வேலைக்குப் புதிதாக வந்த காலத்தில் ஒரு நாள் கிளிப்பக்கா அதைத் திறக்க மறந்துவிட்டாள். நல்லவேளை, அன்று ஆபரேஷன் ரத்தாகி எந்த நாயும் மேஜைக்கு வரவில்லை. மறுநாள் காலை நீலக் கிளிப்போடு வந்தாள். வால்வை மூடினால் கிளிப் அவளுடைய சட்டைக் காலரில் ஏறும். திறந்தால்தான் இறங்கும். நாயின் வாய்க்குள் விட்ட குழாயை மெஷினோடு இணைக்கும் முன் அவள் கை தானாகக் காலருக்குப் போகும். காலரில் கிளிப் இல்லையென்றால் வால்வு திறந்திருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு. கொடியில் கிளிப் குறைகிறது, ஈரத்துணி காற்றில் பறக்கிறது என்று துணி இஸ்திரி போடும் அவளுடைய வீட்டுக்காரர் புலம்புவார்.

இது மட்டுமா? நாயின் அட்டையில் போன மாதம் எழுதிய எடை இருக்கும், இவள் மறுபடியும் நாயைத் தராசில் ஏற்றுவாள். மருந்தின் அளவை எழுதுவாள், வாய்விட்டுப் படிப்பாள், என்னையும் திருப்பிச் சொல்லச் சொல்வாள். “எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று கேட்டிருக்கிறேன். “இல்ல டாக்டர், எனக்குக் காதுல விழணும்” என்பாள். கூட்டிவந்தவர்களிடம் “வீட்டுல ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?” என்று மூன்று தடவை கேட்பாள். வாசலில் ஒரு தடவை, தராசு பக்கத்தில் ஒரு தடவை, கையெழுத்துப் போடும்போது ஒரு தடவை. முதல் இரண்டு தடவை இல்லை என்றவர்கள் மூன்றாவது தடவை பேனாவை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிவதை நானே பார்த்திருக்கிறேன். இருந்தாலும் எரிச்சல் எரிச்சல்தான்.

அவள் என்னிடம் வந்து சேர்ந்த கதையும் ஒரு மாத்திரையில்தான் தொடங்கியது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், காய்கறிக் கூடையில் ஒரு பூனையை வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அப்போது ஒரு துணித் தொழிற்சாலையில் பொத்தான் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். பூனைக்கு முகம் வீங்கி, ஈறு சேற்று நிறத்தில் இருந்தது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. “என்ன குடுத்தீங்க?” என்றேன். இந்தக் கேள்விக்கு என் அனுபவத்தில் ஒரே பதில்தான். ஒண்ணும் குடுக்கல டாக்டர், திடீர்னு இப்படி ஆயிடுச்சு.

அவள் அப்படிச் சொல்லவில்லை. “காய்ச்சல் மாத்திரை. பாதி. கால் வலிக்குதேன்னு நான்தான் குடுத்தேன்” என்றாள்.

மனிதர்கள் காய்ச்சலுக்கும் வலிக்கும் விழுங்கும் அந்தச் சாதாரண மாத்திரை பூனைக்கு விஷம். பாதியே போதும். நான் அவளை நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் தலையைக் குனியவில்லை, திரும்பத் திரும்ப எத்தனை மணிக்கு, எவ்வளவு, சாப்பாட்டோடவா என்று நான் கேட்டதுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். இரண்டு நாள் போராடினோம். பூனை போய்விட்டது. ஒரு வாரம் கழித்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் ‘பூனைக்கு மனுஷ மாத்திரை கொடுக்காதீங்க, நான் கொடுத்துச் சாகடிச்சேன்’ என்று எழுதி எடுத்துவந்து, “வாசல்ல ஒட்டுறீங்களா?” என்று கேட்டாள். ஒட்டினேன். அவளையும் வேலைக்கு வைத்துக்கொண்டேன். தரை துடைக்க வந்தவள் மூன்று வருடத்தில் மயக்கத்தில் கிடக்கும் நாயின் மூச்சை எண்ணும் இடத்துக்கு வந்தாள். இதை நான் வெளியே யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. திட்டியதுதான் அதிகம்.

சரி, மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை என்பது ஒரு நாய். பழுப்பு நிறம், எட்டு வயது. வீட்டில் நாற்காலியில்தான் உட்காருமாம், இரண்டு தடவை கெஞ்சினால்தான் தட்டில் வாய் வைக்குமாம். அந்த முறுக்குக்காகவே வைத்த பெயர். அதன் சொந்தக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், மனைவி இல்லை, மகள் தூரத்தில் வேலையில் இருக்கிறாள். வீட்டில் அவரும் மாப்பிள்ளையும்தான். அளந்து பேசுகிற மனிதர். மாப்பிள்ளையின் பின்னந்தொடையில் ஒரு கட்டி வந்திருந்தது. ஊசியால் குத்திச் சோதித்ததில் கெட்ட கட்டி என்று தெரிந்தது. இப்போது வெட்டி எடுத்தால் பிழைக்கும், விட்டால் ஒரு வருடம் தாங்குவதே சந்தேகம். இதை அவரிடம் சொன்னபோது, “எடுத்திடுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

அன்று காலை ஒன்பதரைக்கு நாயைக் கொண்டுவந்து விட்டார். வாசலில் கிளிப்பக்கா, “மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?” என்றாள். இல்லை என்றார். தராசில் ஏற்றினாள். அட்டையில் இருபத்தெட்டு கிலோ, தராசில் இருபத்துநாலு. “மாப்பிள்ளை இளைச்சுட்டாரே” என்று அட்டையைத் திருத்திவிட்டு மறுபடியும் கேட்டாள். இல்லை. கையெழுத்துப் போடும்போது மூன்றாவது தடவை. அவர் லேசாகச் சிரித்து, “என் முட்டி வலி மாத்திரைல பாதி குடுக்கலாமான்னு நெனச்சேங்க. வாசல்ல ஒட்டியிருக்கிறதப் படிச்சேன், குடுக்கல” என்றார். பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோயிருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

நாய்க்கு, மயக்க ஊசிக்கு முன்னால் அமைதியாக்கும் முதல் ஊசி போட்டுப் பாயில் படுக்கவைத்தோம். கிளிப்பக்கா, அவசரத்துக்கு வேண்டிய மருந்துகளின் அளவை இருபத்துநாலு கிலோவுக்குப் புதிதாகக் கணக்குப் போட்டு, எழுதிச் சுவரில் ஒட்டி, ஊசிகளை நிரப்பித் தட்டில் வரிசையாக வைத்தாள். பிறகு மெஷினுக்குப் போனாள். வால்வை மூடினாள். கிளிப் காலரில் ஏறியது. முள் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வாசலில் சத்தம். நாய் கடித்த பூனை ஒன்று, ரத்தம் சொட்டச் சொட்ட. கூட்டிவந்த பெண் அழுகிறாள், வரவேற்பில் இருந்த பெண்ணால் தனியாகப் பிடிக்க முடியவில்லை. “வா, வந்து பிடி” என்றேன். கிளிப்பக்கா என் பின்னாலேயே வந்தாள். கதவருகே திரும்பிப் பார்த்தேன். வெளியே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இவள் காலரில் துணிக் கிளிப்போடு நிற்கிறாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“இதை மாட்டிக்கிட்டு ஜனங்க முன்னாடி வராத. ஆஸ்பத்திரியா, சலவைக் கடையான்னு கேப்பாங்க. அசிங்கமா இருக்கு” என்று, அவள் காலரிலிருந்து கிளிப்பைப் பிடுங்கி, கைக்கு எட்டிய ஜன்னல் திரையில் மாட்டினேன்.

“டாக்டர், அது இன்னும்...” என்றாள்.

“வான்னா வா.”

வந்தாள். பூனை லேசில் அடங்கவில்லை. அவள் முழங்கையில் மூன்று கோடு கீறியது. தையல், ஊசி, அந்தப் பெண்ணுக்குச் சமாதானம் எல்லாம் முடிய அரை மணி நேரம். இதற்குள் மாப்பிள்ளைக்குப் போட்ட முதல் ஊசியின் வேகம் குறைந்துவிடுமே என்று எனக்கு அவசரம். உள்ளே வந்ததும் மயக்க ஊசியைப் போட்டேன், மூச்சுக் குழாயை இறக்கினேன். “இணை” என்றேன்.

கிளிப்பக்காவின் கை காலருக்குப் போனதை நான் பார்த்தேன். இன்றைக்கும் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டு விரலால் காலரைத் தடவினாள். ஒன்றும் இல்லை. இணைத்தாள்.

நான் கைகழுவும் தொட்டிக்குப் போய் முழங்கை வரை தேய்க்க ஆரம்பித்தேன். அவள் ஒரு கையால் தொடையில் முடியை மழித்துக்கொண்டு இன்னொரு கையை நாயின் நெஞ்சில் வைத்திருந்தாள். அவள் மூச்சு எண்ணுவது அப்படித்தான்.

“டாக்டர், மூச்சு சரியில்ல.”

“மயக்கம் ஆழமா இருக்கும், கேஸைக் குறை.”

குறைத்தாள். “இல்ல டாக்டர். நெஞ்சு ஏறுது, இறங்கல. பை கல்லு மாதிரி இருக்கு.”

“வால்வைப் பாரு.”

“கிளிப் இல்லையே டாக்டர்” என்றாள், மறுபடி காலரைத் தொட்டுக்கொண்டே. அவள் சொன்னது பொய்யில்லை. ஆறு வருடமாக அந்தக் காலர் அவளிடம் பொய் சொன்னதே கிடையாது. குழாய் மடங்கியிருக்கிறதா என்று நாயின் வாயைத் திறந்து பார்த்தாள். அடைத்திருக்கிறதா என்று பார்த்தாள். நான் சோப்பு நுரையோடு திரும்பியபோது மாப்பிள்ளையின் நாக்கு நீலமாக இருந்தது. என் கண் அதைத் தாண்டி ஜன்னலுக்குப் போனது. திரையில் நீலக் கிளிப்.

“எடு, குழாயைக் கழட்டு” என்று கத்தினேன். அவள் குழாயை மெஷினிலிருந்து பிடுங்கினாள். டயர் காற்று இறங்குவதுபோல் சத்தம் வந்தது. வால்வைத் திருகித் திறந்தாள். ஆனால் நாய் மூச்சு விடவில்லை. தொடையின் உள்பக்கம் விரல் வைத்துப் பார்த்தேன், நாடி இல்லை.

ஈரக் கையோடு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். அவள் குழாயை மறுபடி இணைத்து, பையை நிதானமாக அமுக்கி மூச்சுக் கொடுத்தாள். “தட்டுல முதல் ஊசி” என்றேன். நான் அளவு சொல்லவில்லை, சொல்லும் நிலையிலும் இல்லை. அவள் சுவரைப் பார்த்தாள், தட்டிலிருந்து எடுத்தாள், வாய்விட்டுப் படித்தாள், போட்டாள். ஒன்று சொல்கிறேன். அட்டையில் இருந்த பழைய எடையை வைத்து அந்தப் பதற்றத்தில் நான் கணக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. நினைக்கவும் பயமாக இருக்கிறது.

ஒரு நிமிடம். ஒன்றுமில்லை. என் கை ஓய்ந்தது. “மாறுங்க டாக்டர்” என்று அவள் அழுத்தினாள், நான் ஒரு கையால் பையை அமுக்கி, மறு கை விரலைத் தொடை நாடியில் வைத்தேன். அவள் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, எண்ணிக்கை தப்பவில்லை. இரண்டாவது நிமிடம் முடிகிற நேரம் விரலுக்கடியில் ஒரு துடிப்பு தட்டியது. இன்னொன்று. “இருக்கு” என்றேன்.

அதோடு முடியவில்லை. நுரையீரலில் எங்கோ கிழிந்து, காற்று நெஞ்சுக்குள் கசிந்து அடைத்திருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செருகிக் காற்றை உறிஞ்சி எடுத்தோம். மூன்று தடவை பெரிய ஊசி நிறையக் காற்று வந்தது. நான்காவது தடவை வரவில்லை. நாக்கு மெல்ல இளஞ்சிவப்பானது. பன்னிரண்டேகால் மணிக்கு மாப்பிள்ளை கண்ணைத் திறந்து, எங்கள் இரண்டு பேரையும் வேண்டாத சம்பந்திகளைப் பார்ப்பதுபோல் பார்த்தது. கட்டி அப்படியே தொடையில் இருந்தது. கத்தி வைக்கவே இல்லை.

கிளிப்பக்கா ஜன்னல் திரையைப் பார்த்தாள். கிளிப்பை எடுத்தாள்.

இனிமேல் சொல்வதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் நாயின் தாளை மேஜையில் வைத்து, நடந்ததை நேரம் போட்டு எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போய், “மயக்க மருந்து ஒத்துக்கலன்னு எழுது” என்றேன்.

அவள் பேனாவை நிறுத்தினாள்.

“நடக்கிறதுதானே? சில நாய்க்கு ஒத்துக்காது. யாரும் தோண்டித் துருவிக் கேக்கப் போறதில்ல. நாய் பிழைச்சாச்சு, அவ்வளவுதான.”

“ஒத்துக்கலன்னு எழுதினா, இனிமே எந்த டாக்டரும் மாப்பிள்ளைக்கு மயக்கம் குடுக்க மாட்டாங்களே டாக்டர்” என்றாள். “அவரும் குடுக்க விடமாட்டாரு. அந்தக் கட்டி அப்படியே இருக்குமே.”

அவள் சொன்னது சரிதான். இருந்தாலும் என் வாய் சும்மா இருக்குமா? “என் பேரு என்னாகும்னு உனக்குத் தெரியுமா? இந்தத் தெருவுல நான் தலைகாட்ட முடியுமா?” என்று சீறினேன்.

“மூடினது நான்தான்னு சொல்லிக்கிறேன் டாக்டர். அது உண்மைதானே. மூடினது நான்தான்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. பேனாவை என் பக்கம் வைத்துவிட்டு, மாப்பிள்ளை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மூச்சை எண்ண ஆரம்பித்தாள். பூனை கீறிய முழங்கையில் மருந்து போட இன்னும் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

லிஃப்ட்காரர் இரண்டு மணிக்கு வந்தார். கை முழுக்க கிரீஸ். “முடிஞ்சிடுச்சுங்களா?” என்றார். என் அறைக்குள் உட்காரவைத்தேன். கிளிப்பக்காவும் வந்து கதவோரம் நின்றாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவள், “வால்வை மூடினது...” என்று ஆரம்பித்தாள்.

“நீ இரு” என்றேன். பிறகு அவரிடம், “ஆபரேஷன் நடக்கல. உங்க நாய்க்கு இதயம் நின்னுபோய், மறுபடி ஓட வெச்சோம். மருந்து மேல தப்பில்ல. நாய் மேலயும் தப்பில்ல. தப்பு என் மேல” என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். “உசுரோட இருக்கா?”

“இருக்கு. மூச்சு விடுது. இன்னும் ரெண்டு நாள் இங்கேயே வெச்சுப் பாக்கணும்.”

அவர் மெதுவாக உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, கிளிப், பூனை, ஜன்னல் திரை. நான் முடித்ததும் அவர் கேட்டார்.

“அந்தக் கிளிப்பு யாருது?”

“இவளுது.”

“அதை நீங்க எதுக்கு எடுத்தீங்க?”

அவசரம், ரத்தம், கூட்டம் என்று சொல்லிச் சப்பைக்கட்டு கட்டியிருக்கலாம். கதவோரம் கிளிப்பக்கா நின்றாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே அறையில் காய்கறிக் கூடையோடு நின்ற அதே நிற்பு. “அசிங்கமா இருக்குன்னு எடுத்தேன்” என்றேன். அந்த வார்த்தையை வெளியே கொண்டுவருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவர் தன் கையில் இருந்த கிரீஸைத் துடைத்தார். பிறகு சொன்னார்: “நான் லிஃப்ட் குழிக்குள்ள இறங்கும்போது மேல மெயின் சுவிட்சுல என் பூட்டைப் போட்டுட்டு இறங்குவேன். சாவி என் பைல இருக்கும். மேல எவ்வளவு பெரிய ஆளு நின்னாலும், எவ்வளவு அவசரமா இருந்தாலும், அந்தப் பூட்டைத் தொட மாட்டாங்க. தொட்டா நான் செத்தேன். முப்பது வருஷமா அதை நம்பித்தான் இறங்குறேன்.”

நான் எழுந்து, நாய் கிடந்த அறைக்கு வழி காட்டினேன்.

அவர் போய் மாப்பிள்ளையைப் பார்த்தார். அது வாலை ஒரே ஒரு தடவை தட்டியது. அதற்குமேல் அதன் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கூட்டிக்கொண்டு போனார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போவார் என்று நினைத்து, நடந்தது நடந்தபடி எழுதிய அந்தத் தாளின் பிரதி ஒன்றை அவர் கையில் கொடுத்திருந்தேன். ‘மயக்க மருந்து இந்த நாய்க்கு ஒத்துக்கொள்கிறது’ என்ற வரிக்கடியில் என் கையெழுத்து இருந்தது.

நாலாவது வாரம் ஒரு காலையில், கிளிப்பக்கா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை உள்ளே வந்தது. பின்னால் அவர். என்னைத் தாண்டி நேராக அவளிடம் போனார். “இன்னைக்கு மூச்சுப் பாக்கிறது நீங்கதானே?” என்றார்.

“நான்தாங்க. மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?”

“இல்லங்க” என்றவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புத் தகட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். ‘ஆள் உள்ளே இருக்கிறார், தொடாதே’ என்று எழுதியிருந்தது, ஓரமெல்லாம் தேய்ந்து. “என் பூட்டுல தொங்கினது. புதுசு வாங்கிட்டேன். வேணும்னா வெச்சுக்கோங்க.”

அவள் அதை வால்வுக்குப் பக்கத்தில் கட்டினாள். அன்றைக்கும் அவள் வால்வை மூடிக் கிளிப்பைக் காலரில் ஏற்றிய நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது, யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள். என் கால் தானாக நகர்ந்தது. நின்றேன். கை கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு நின்றேன். முள் இறங்காமல் நிற்கும்வரை நின்றேன். அவள் வால்வைத் திறந்தாள், கிளிப்பை எடுத்தாள்.

“திறந்தாச்சு டாக்டர்.”

“பார்த்தேன்” என்றேன், அவள் காதில் விழும்படி.